மனநல ஆய்வும் வளரிளம் பருவத்தினரும்

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 10 முதல் 19 வயது வரையுள்ளோர் ஏறத்தாழ 25 கோடிப் பேர். 2015-16இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுடையோரில் 7.3 விழுக்காட்டினர் மனநலக் குறைபாட்டிற்கு உள்ளாகியிருப்பதாகக் கணித்தது. இவர்களுக்கு எத்தகைய உதவி பயன் தரும் என்பதை முறையான ஆய்வின் மூலமே அறியலாம். ஆனால், அத்தகைய ஆய்வில் பங்கேற்க இவர்களை முன்வரச் செய்வது எளிதன்று.

தடைகள்

முதல் தடை, அறியாமையும் அச்சமும் ஆகும். ஓயாத கவலை, உறக்கமின்மை முதலியவற்றிற்கு உதவி பெறலாம் என்பதை மாணவர் பலர் அறியார். அறிந்தோரும் பிறர் ஏளனத்திற்கு அஞ்சி வாய் திறவார். வகுப்பின் அமைதியைக் குலைப்பவரை ஆசிரியர் எளிதில் இனங்காண்கிறார்; மௌனமாக வருந்துபவரோ அவர் கண்ணில் படுவதில்லை.

அடுத்தது இசைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, 18 வயது நிரம்பாதோர் ஆய்வில் சேரப் பொதுவாகப் பெற்றோரின் இசைவும் சிறாரின் உடன்பாடும் தேவை. இப்பாதுகாப்பு இன்றியமையாதது. எனினும், வீட்டுச் சூழலே துயரத்திற்குக் காரணமாயின், இசைவுப் படிவத்தை வீட்டிற்கு எடுத்துச் செல்ல மாணவர் தயங்குவர். உதவி மிகுதியும் தேவைப்படுவோரே இவ்வாறு விடுபட நேரும்.

டில்லி அனுபவம்

‘சங்கத்’ என்னும் தொண்டு நிறுவனம் புதுடில்லியின் ஆறு அரசுப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு இங்குக் கருதத்தக்கது. 250 மாணவர் பங்கேற்ற இவ்வாய்வின் முடிவுகள் 2020இல் வெளியாயின. சிக்கல்களைத் தாமே தீர்க்கும் முறையைப் பயிற்சி பெற்ற ஆலோசகர் மாணவர்க்குக் கற்பித்தனர். ஆள் சேர்ப்பிற்காக வகுப்புதோறும் குறும்படம் காட்டிக் கலந்துரையாடல் நடத்தப்பட்டது. பள்ளி முழுமைக்குமான பொது அறிவிப்புகளைவிட இம்முறையால் மிகப் பலர் உதவி நாடினர். அவர்களுள் பெரும்பாலோர் தாமாகவே வந்தவர்கள்.

ஆயினும், பள்ளியை விட்டு நின்ற சிறார், வேலைக்குச் செல்வோர், இளவயதில் மணமான பெண்கள் ஆகியோரை வகுப்பறை எட்டாது. எளிதில் கிடைத்தோரை மட்டும் வைத்துக் கண்ட முடிவு, கிடைக்காதோர்க்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எனவே, அழைக்கப்பட்டோர் எத்துணைப் பேர், மறுத்தோர் யாவர், எக்காரணத்தால் விடுபட்டனர் என்பனவற்றையும் ஒவ்வோர் ஆய்வும் பதிவு செய்தல் வேண்டும். திட்டம் வகுக்கும் அலுவலர், ஆய்வின் வெற்றியைக் காணுமுன் இப்பதிவைக் காண்பது நலம்.