முணுமுணுப்பும் வாய்மையும்

பலர் கூடிய இடத்தில் மனிதன் இரண்டு மொழிகளைப் பேசுகின்றான். ஒன்று, அவையோர் கேட்கச் சொல்வது; மற்றொன்று, தன் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வது. மேலதிகாரியின் முன்னும் உறவினர் நடுவிலும் “ஆம்” என்று கூறிவிட்டு, உடனே “இல்லை” என்று முணுமுணுத்தவர் நம்முள் ஒருவரும் இலர் என்று சொல்லுதல் இயலாது. அம்முணுமுணுப்பின் மதிப்பு யாது? அதனை வாய்மையெனக் கொள்ளலாமா? உலகறிந்த முணுமுணுப்பு ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இத்தாலிய அறிஞர் கலிலியோ, ஞாயிற்றைப் பூமி சுற்றிவருகின்றது என்னும் கொள்கைக்கு வலுவூட்டும் நூலொன்றை 1632ஆம் ஆண்டில் உரையாடல் வடிவில் வெளியிட்டார். உரோமாபுரியின் சமய விசாரணை மன்றம் அவரை அழைத்தது. உண்மையைக் கூறாவிடில் சித்திரவதை செய்யப்படும் என்று அச்சுறுத்தியது. 1633 ஜூன் 22 அன்று, மினர்வா மடத்தின் மண்டபத்தில், அறுபத்தொன்பது வயதான அம்முதியவர் மண்டியிட்டு, தம் கொள்கையைத் தாமே வெறுத்து ஒதுக்குவதாக உரக்கப் படித்தார். பின் எழுந்து நின்று, நிலத்தைக் காலால் உதைத்து, “ஆயினும் அது நகர்கின்றது” என்று முணுமுணுத்தார் என்பர்.

இது நிகழ்ந்ததா? விசாரணைப் பதிவுகளில் இச்சொல் இல்லை. அவருடைய மாணாக்கர் விவியானி 1654ஆம் ஆண்டில் எழுதிய வரலாற்றிலும் இல்லை. 1757ஆம் ஆண்டில் பரெத்தி என்பவர் இலண்டனில் வெளியிட்ட நூலில்தான் இஃது அச்சேறியது. இடையில் நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. அவரும், விடுதலை பெற்ற கணத்தில் கலிலியோ வானையும் மண்ணையும் நோக்கிக் கூறியதாகவே எழுதினார். நீதிபதிகளின் எதிரில் கூறியதாக எழுதவில்லை. ஆதலின் இதனை வரலாறெனக் கொள்ளச் சான்று போதாது.

சான்று குறைந்த இக்கதை இத்துணைக் காலம் வாழ்வானேன்? கேட்போர் ஒவ்வொருவரும் என்றோ ஒருநாள் அஞ்சித் தலைகுனிந்து, பின் வாய்க்குள் முணுமுணுத்தவரே. பேரறிஞரும் அவ்வாறே செய்தார் என்னும் எண்ணம் அவர்க்கு ஆறுதல் அளிக்கின்றது.

ஆறுதல் வேறு, வாய்மை வேறு. உரக்கச் சொல்லும் பொய்யை, மனத்துள் ஒரு சொல்லைச் சேர்த்து மெய்யாக்கிக்கொள்ளலாம் என்று அந்நாளைய ஐரோப்பியச் சமய நூலாசிரியர் சிலர் வாதித்தனர். அவ்வாதத்தைப் பாப்பரசர் பதினோராம் இன்னொசென்டு 1679ஆம் ஆண்டில் கண்டித்தார். கண்டனம் முறையே. சொல் என்பது கேட்பவருக்காகவும் உள்ளது. கேட்பவருக்கு எட்டாத சொல்லால், அவருக்கு எட்டிய பொய் நீங்குவதில்லை. பொய்யுரை தவிர்த்தலைச் சீலமாக ஏற்ற நமக்கு இது நன்கு விளங்கும்.

அவ்வாறாயின் கலிலியோவைப் பழிப்பதா? அன்று. சித்திரவதையின் நிழலில் நின்ற முதியவரைப் பாதுகாப்பான இருக்கையில் அமர்ந்து பழித்தல் கருணையாகாது. அச்சத்தால் பணிந்தவர் வேறு. ஏமாற்றிப் பயன்பெறப் பணிந்தவர் வேறு. மேலும், அவர் கதை அம்மண்டபத்தோடு முடியவில்லை. ஆர்செத்ரியில் வீட்டுக்காவலில் இருந்துகொண்டே, பொருள்களின் வலிமையையும் இயக்கத்தையும் ஆராயும் பெருநூல் ஒன்றை எழுதி முடித்தார். அது 1638ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டின் லெய்டன் நகரில் அச்சாயிற்று. அதற்குள் அவர் கண்ணொளி இழந்திருந்தார். 1642 ஜனவரி 8 அன்று காவலிலேயே உயிர்நீத்தார்.

அவர் முணுமுணுத்தாரோ இல்லையோ, நாம் அறியோம். அவர் எழுதியதை அறிவோம். பின்வந்த அறிஞர் அதன்மேல் கட்டியெழுப்பியதையும் அறிவோம். வாய்மையைக் காத்தது அந்த உழைப்பே.

அன்பர்களே! அடுத்த முறை அவையில் நம் உதடுகளுக்குள் ஒரு சொல் எழும்பொழுது, அதனை இருமுறை எண்ணிப் பார்ப்போம். அது வெறும் சினமாயின் அங்கேயே அடங்கட்டும். அது உண்மையாயின், தகுந்த காலத்தில் இனிய சொல்லால் பிறர் கேட்கச் சொல்வோம். அன்று சொல்ல வலிமை இல்லையெனில், வீடு திரும்பியபின் அதற்காக ஒரு செயலையேனும் தொடங்குவோம்.