தேநீரைச் சுவைத்தறிதல்

நாள்தோறும் பருகும் பொருளை நாம் உண்மையில் அறிந்திருக்கின்றோமா? வினா எளிது; விடை எளிதன்று. மலைநாட்டில் பிறந்து, தேத்தண்ணி மணத்தோடு வளர்ந்த நம்மில் எத்துணைப் பேர், ஒரு மிடறு பருகிய அளவில் அதன் நயம் எதனால் வந்தது, அதன் குறை எங்கே நேர்ந்தது என்று கூறவல்லோம்? கொழும்பில் 1883ஆம் ஆண்டு தேயிலையின் பகிரங்க ஏலம் தொடங்கியது. இன்றும் ஏலத்திற்கு வரும் தேயிலையைச் சுவைத்துப் பார்த்தே அதன் விலையை மதிப்பிடுகின்றனர். மலைநாட்டின் வாழ்வோடு இத்துணை நெருங்கிய கலையின் அடிப்படைகளை மாணவர் பொருட்டு இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்து நாட்டவர். அவருடைய தாயகத்தில் வடிக்கப்படும் விஸ்கி, ஓக் மரப் பீப்பாயில் 3 ஆண்டுகளேனும் முதிர்ந்த பின்னரே அப்பெயரால் விற்கப்படலாம் என்பது சட்டம். இளமையும் வீரியமும் மிக்க விஸ்கியை ஆராய்வோர், அதில் நீர் சேர்த்துக் கடுமையைத் தணித்து முகர்ந்து பார்ப்பர். மதுவைப் போற்றுதற்காக அன்று, ஒப்புமைக்காகவே இதனைக் கூறினோம். தேயிலைச் சோதனையோ இதற்கு மறுதலையானது. அண்மையில் உலர்த்தியெடுத்த தேயிலையைக் கடுமையாக வடித்துப் பாலும் சீனியுமின்றிச் சுவைப்பர். நயமும் குறையும் ஒருங்கே வெளிப்படுதற்கு அக்கடுமை இன்றியமையாதது.

சோதனை முறைக்கு 1980இல் சர்வதேச நியமம் ஒன்று வகுக்கப்பட்டது. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை. நீர் புதிதாகக் கொதித்ததாயிருத்தல் வேண்டும். மூடிய வெண் பீங்கான் பாத்திரத்தில் 6 நிமிடம் ஊறவிடல் வேண்டும். பின்னர் சாற்றைக் கிண்ணத்தில் வடித்து, ஊறிய இலையை மூடியின் மேற் கவிழ்த்து வைப்பர். உலர்ந்த தேயிலை, ஊறிய இலை, சாறு ஆகிய மூன்றும் ஆராயப்படும். சோதிப்பவர் கரண்டியால் முகந்த சாற்றை ஓசையெழ உறிஞ்சுவார். இது நாகரிகக் குறைவன்று. சாறு காற்றோடு கலந்து வாய் முழுதும் பரவி, அதன் மணம் தொண்டை வழியே நாசியை அடைதற்கு அதுவே வழி. அறிந்தபின் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்திற்குச் செல்வார்.

இனி, சுவை யாது? நம் முன்னோர் துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாக வைத்தனர். இன்றைய அறிவியலோ, அது இலையின் துவர்ப்பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து வாயை இறுகச் செய்வதால் எழும் உணர்வு என விளக்கும். நல்ல தேநீரின் துவர்ப்பு நாவை எழுப்பிவிட்டுத் தெளிவாக நீங்கும். இதனையே இத்தொழிலார் ‘பிரிஸ்க்’ என்பர். இலைச்சாறு காற்றோடு கலந்து சிவக்கும்போது உண்டாகும் தியாபிளேவின் என்னும் பொருள் ஒளியையும் இவ்வுயிர்ப்பையும் தரும். தியாரூபிஜின் என்பது ஆழ்ந்த நிறத்தையும் கனத்தையும் தரும்.

நிலத்தின் இயல்பும் கிண்ணத்தில் தோன்றும். ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாத் தேயிலை மெல்லிய பொன்னிறமும் நுண்ணிய மணமும் உடையது. ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, பொகவந்தலாவை அடங்கிய டிம்புள்ளைப் பகுதியின் தேநீரில் நிறமும் கனமும் மிகும். தை, மாசி மாதங்களை ஒட்டிய வறண்ட குளிர்காலத்தில் கொழுந்து மெல்ல வளர்வதால், இவ்விரு பகுதிகளிலும் மணம் உச்சம் பெறும்.

குறைகளை அறிதலே இக்கலையின் பெரும்பயன். முற்றிய இலை மிகுந்தால் சாறு நீர்த்துச் சாரமற்றிருக்கும். கொழுந்தைச் சாக்கில் திணித்து அமுக்கினால் அது நசுங்கிச் சூடேறிச் சிவந்து, சாறு மங்கும். வாட்டுதலோ நொதித்தலோ போதாவிடின் பச்சை வாடையும் கசப்பும் எழும். நொதித்தல் மிகுந்தால் உயிர்ப்பு மறையும். உலர்த்தும் சூடு அளவு கடந்தால் கருகற் சுவை தோன்றும். சூடு குறைந்து காலம் நீண்டால் அவித்தது போன்ற சுவை தோன்றும். அடுப்பின் புகை கசிந்தால் கிண்ணத்திற் புகை மணக்கும்.

இவ்வரிசையை மாணவர் ஊன்றி நோக்குவாராக. முதற் குறை ஒன்றே பறிக்கும் கைக்கு உரியதாகலாம். எஞ்சியவை கொழுந்தை ஏற்றிச் செல்வதிலும் தொழிற்சாலையிலும் நேர்பவை. ஆயினும் தேயிலை விலை போகாதபோது, “கொழுந்து சரியில்லை” என்று மலையில் நிற்பவள்மேற் பழிபோடுதல் எளிது. அவள் அக்கிண்ணத்தைச் சுவைத்தறியாள். ஆதலின் மறுத்துரைக்கவும் இயலாள். சுவைத்தறிவார்க்கோ கிண்ணமே சான்றாகும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்துக் கொடுத்த பின்னும் சாறு கருகியிருப்பின், குறை அவளுடையதன்று என்பதை ஒரு மிடறே காட்டிவிடும்.

நம் மாணவருள் பலர் அத்தாயரின் மக்கள். ஆதலின் அவர்க்கு ஒரு பயிற்சி கூறி அமைகின்றோம். இரு வகைத் தேயிலையை ஒரே நிறையில் எடுத்து, ஒரே அளவு கொதிநீரில், கடிகாரம் பார்த்து 6 நிமிடம் ஊறவிட்டுச் சுவையுங்கள். நிறம், மணம், துவர்ப்பு, கனம், குறை என்பவற்றைத் தனித்தனியே எழுதிவையுங்கள். ஒரு திங்கள் பயின்றால் நா நுண்மை பெறும். 1925இல் நிறுவப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம் அயலிலே தலவாக்கலையில் இயங்குகின்றது. மேலும் கற்க விரும்புவோர் அதனை நாடலாம். பழைய மாணவராகிய நாம் அவர்களுக்கு வழிகாட்டும் கடமையுடையோம். பறித்த கையின் பிள்ளைகள் சுவைத்து மதிப்பிடும் ஆசனத்திலும் அமர்தல் வேண்டும். யூபிலி காணும் நம் கல்லூரி அதற்கு அடிகோலுமாக!