கத்திரி வெயிலில் உப்புக்கண்டம்: கொதிக்கவிடாமல் கொடியேற்ற வேண்டாம்

கத்திரி வெயில் காயத் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்க, மீன் விலை ஏறிக் கிடக்கிறது. சில ஆண்டுகளாகப் பக்ரீத்தும் இந்த வெயிலையொட்டியே வருகிறது. பங்கு கொடுத்தது போக மீந்த குர்பானிக் கறியைக் கண்டம் போட்டு வைக்கக் காரைக்கால் வீடுகளுக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. ஐப்பசி அடைமழையில் நினைத்தாலும் முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யாராவது காட்டுப்பன்றிக் கறி, மான் கறி, முயல் கறி என்று கொண்டுவந்தால் வாங்காதீர்கள். வலை போட்டுப் பிடித்த கொக்குக்கும் இதே பேச்சுதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடியவர் மட்டுமல்ல, கறியை வீட்டில் வைத்திருப்பவரும் குற்றவாளி. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் உடம்புக்கு ஆகாது. காட்டுப்பன்றித் தசையில் டிரைக்கினெல்லா என்ற நுண்புழு இருக்கக்கூடும். உப்புக்கும் வெயிலுக்கும் அது கட்டாயம் சாகும் என்று நம்ப முடியாது. ஃப்ரீசரில் வைத்தாலும் காட்டு விலங்குகளில் உள்ள சில வகைகள் பிழைத்துக்கொள்ளும். வேட்டைக்கு உரிமம் தரும் அமெரிக்காவிலேயே, 1995-இல் ஒரிகன் மாநிலத்தில், வீட்டில் உலர்த்திய மான் கறியைத் தின்ற 11 பேருக்கு ஈ.கோலை கிருமியால் நோய் வந்தது. உலர்ந்த கறிக்குள் கிருமி உயிரோடுதான் இருந்தது.

ஆட்டுக்கறிக்கும் இந்தப் பாடம் பொருந்தும். வெயில் ஈரத்தை எடுக்கும், கிருமியைக் கொல்லாது. நம் மாடியில் எவ்வளவு கொளுத்தினாலும் கறித் துண்டின் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் ஏறாது. பாதுகாப்புக்கு வேண்டிய சூடு அதுதான், கோழியென்றால் 74. ஆகவே கொடியில் கோக்கும் முன் கறியைக் கொதிக்கவிடுங்கள். “எப்படியும் எண்ணெயில் வறுத்துத்தானே தின்கிறோம்” என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கை வழியாகக் கறியில் ஏறும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி, வெதுவெதுப்பில் கிடக்கும் நேரத்தில் நஞ்சைச் சுரந்துவிடும். பிறகு வறுத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. கையில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருந்தால் அன்றைக்கு வேறு யாராவது கறியைத் தொடட்டும்.

காலையில் அறுத்த கறியாக வாங்குங்கள். கொழுப்பைச் சுத்தமாக நீக்கிவிடுங்கள். அது காயாது, நாளானால் சிக்கு வாடை அடிக்கும். கால் அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம். கறி பாதி உறைந்திருந்தால் மெல்லிசாக அரிவது எளிது. உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் உங்கள் வீட்டுக் கைப்பக்குவம். அதில் நான் தலையிடவில்லை. பிசறியதை அடுப்பு மேடையில் ஊறவிடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை அந்த மசாலாவோடு கறி மூழ்கத் தண்ணீர் விட்டு, தளதளவென்று கொதி வந்தபின் 5 நிமிடம் வேகவிட்டு வடியுங்கள். பச்சைக் கறி தொட்ட கத்தி, பலகை, தட்டு எதையும் கழுவாமல் வெந்த கறிக்குப் பயன்படுத்தாதீர்கள். நிறம் கொஞ்சம் மங்கும், பழைய ருசி சற்றுக் குறையும். அதை ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்.

காய வைப்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. காலையில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்வரை காற்று வறண்டிருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிட்டால் உப்பு ஜாடியே கசியும். கறி மட்டும் காயுமா? காலையிலேயே கொடியேற்றி, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு, ஈ புகாத கொசுவலையால் மூடுங்கள். வெயில் தாழும் முன் இறக்கி, மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். இரவு மாடியில் விடவே வேண்டாம். மின்சார உலர்த்தி இருந்தால் 60 டிகிரியில் வைத்து ஒரே மூச்சில் முடித்துவிடலாம். என்னைக் கேட்டால் அதுதான் முதல் தேர்வு. வெயிலை நம்புகிறவர்கள், வானம் மூடினால் கறியைக் குழம்பில் போட்டுவிடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராதீர்கள்.

ஒரு துண்டை ஆறவிட்டு வளைத்துப் பாருங்கள். விரிசல் விட வேண்டும், இரண்டாக ஒடியக் கூடாது. விரலில் பிசுபிசுப்பு இருந்தால் இன்னும் காயவில்லை. பாட்டிலில் அடைத்துத் தேதி எழுதி ஒட்டுங்கள். வெளியில் இரண்டு வாரம், அதற்கு மேல் ஃப்ரீசர். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பாக இருக்கலாம்; பஞ்சுபோலவோ பச்சையாகவோ இருந்தால் பூஞ்சணம், சுரண்டிவிட்டுத் தின்னாமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். இரத்த அழுத்தக்காரர்களுக்கு ஒரு துண்டே அதிகம்.

கொடியில் பாதி காய்ந்து தொங்குவதைப் பிய்த்து வாயில் போடுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. நாமும் செய்தவர்கள்தான். ஆனாலும் தடுத்துவிடுங்கள். தின்ற சில நாளில் இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு கண்டால், அதுவும் பிள்ளைக்கு என்றால், கைமருந்து பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், ஈ.கோலை சிறுநீரகத்தைத் தாக்குவது பெரும்பாலும் சின்னஞ்சிறு வயதில்தான்.