வயிற்று வலிக்கு எக்ஸ்ரே எப்போது?



சாமை அறுப்பு முடிந்து வீடு திரும்பிய இரவு, மனைவிக்கு அடிவயிற்றில் சுருக்கென்று வலி கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜமுனாமரத்தூரிலிருந்து 108 வண்டியில் மலையிறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறீர்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார், என்னென்னவோ கேட்கிறார். உங்களுக்கோ பொறுக்கவில்லை. "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்க சார், இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்கிறீர்கள். கேட்பது இயல்புதான். ஆனால் எல்லா வலியும் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடாது.

எக்ஸ்ரேயில் எலும்பும், உலோகமும், காற்றும் நன்றாகத் தெரியும். வயிறு ஊதி, ஓயாத வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமல் இருந்தால் குடல் அடைப்பா என்று படத்தில் பார்க்கலாம். குடல் புண் ஓட்டையாகிவிட்டால், நிற்க வைத்து எடுக்கும் மார்புப் படத்தில் நுரையீரலுக்குக் கீழே காற்று தெரியும். குழந்தை காசையோ பட்டன் பேட்டரியையோ விழுங்கினாலும் படம் அவசியம். பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

குடல்வால் வீக்கம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. கருக்குழாயில் தங்கிய கருவும் தெரியாது. இதுதான் தாயின் உயிருக்கே ஆபத்து. நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் வலி, கொஞ்சம் உதிரப்போக்கு, தலைசுற்றல், சிலருக்குத் தோள்பட்டை வலி என்று வரும். குழாய் வெடித்தால் இரத்தம் உள்ளேயே கொட்டும். இதைக் காட்டுவது சிறுநீர்ச் சோதனையும் ஸ்கேனும்தான். படத்துக்காகக் காத்திருக்கும் நேரம் வீணான நேரம். கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், காப்பர்-டி போட்டவர்களுக்கும் அபூர்வமாக இது வருவதுண்டு. "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று விட்டுவிடக் கூடாது.

ஆகவே, தாய்மார்களே, "கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டால் வெட்கப்படாமல் தேதியைச் சொல்லுங்கள். மாமியாரும் மச்சினரும் பக்கத்தில் நின்றால் வாய் வராது என்பது எங்களுக்கும் தெரியும். கணவன்மார்களே, அவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே அழைத்துப் போங்கள். கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கும்படி எக்ஸ்ரே அறை வாசலில் பலகை வைத்திருப்பார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

மார்புப் படத்தைவிட வயிற்றுப் படத்தில் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். கர்ப்பத்தில் வயிற்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் சற்று அதிகமாகக் காணப்படுவதை, 1956-இல் இங்கிலாந்தின் டாக்டர் ஆலிஸ் ஸ்டுவர்ட் எடுத்துக்காட்டினார். அதற்காகப் பதற வேண்டியதில்லை. கரு இருப்பது தெரியாமல் ஒரு படம் எடுத்துவிட்டால், அந்த அளவுக்குக் குழந்தை ஊனமாகாது. அதை நினைத்துக் கருவைக் கலைக்க ஓடாதீர்கள். தேதியைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் கர்ப்பிணிக்கும் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். அப்போது மறுக்க வேண்டாம்.

இன்னொன்று. வண்டி வரும்வரை விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சோறும் கஞ்சியும் வேண்டாம். பழைய படங்களும் சீட்டுகளும் இருந்தால் மடிக்காமல் கையோடு எடுத்து வாருங்கள். எடுத்த படத்தையே திரும்ப எடுப்பது மிச்சமாகும்.