கஷ்டமான வேலைக்குக் கூலி ஏன் கம்மி?



ஒருத்தருக்குக் கூலி அதிகம், ஒருத்தருக்குக் கம்மி. ஏன்? இதற்கு ஸ்காட்லாந்து அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய 'நாடுகளின் செல்வம்' என்ற நூலில் ஐந்து காரணம் சொன்னார். வேலை கஷ்டமாகவோ அருவருப்பாகவோ இருந்தால் கூலி அதிகமாகும். இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள். வருடம் முழுக்கக் கிடைக்காத வேலைக்கும் கூலி அதிகம். கொத்தனாருக்கு மழையிலும் உறைபனியிலும் வேலை இருக்காது, அந்தச் சும்மா இருக்கும் நாளுக்கும் சேர்த்துத்தான் கூலியாம். மற்ற மூன்றும் படிப்புச் செலவு, நம்பிக்கை, வெற்றி வாய்ப்பு.

படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை நம்ம பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக் காட்டுல வச்சுப் பாருங்க. வெயில்ல குனிஞ்சு பருத்தி எடுக்கணும். காய்ஞ்ச காயோட முனை விரலைக் கிழிக்கும். வேலையும் கொஞ்ச வாரம்தான். ஸ்மித் கணக்குப்படி நம்ம அம்மாமாருக்குத்தான் கூலி அதிகம் இருக்கணும். ஆனா காட்டு வேலையில ஆம்பளை ஆளுக்கு ஒரு கூலி, பொம்பளை ஆளுக்கு அதைவிடக் கம்மி!

ஸ்மித் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எல்லோரும் விரும்பிய தொழிலுக்குப் போக முடிந்தால்தான் இது நடக்கும். அந்த இடத்தைத்தான் ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இல் பிடித்தார். உண்மையில் மிகக் கஷ்டமான வேலைக்கே மிகக் குறைந்த கூலி, ஏனென்றால் வேறு வழி இல்லாதவர்கள்தான் அதற்கு வருகிறார்கள் என்றார். பெண்களுக்கு விட்டிருக்கும் வேலைகள் கொஞ்சம், அதற்குள் எல்லோரும் நெருக்கினால் கூலி இறங்கும் என்றும், சமமாக வேலை செய்தும் கூலி குறைந்தால் அது வெறும் வழக்கம் என்றும் எழுதினார்.

நம் நாட்டில் வழி அடைபட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டும் அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதினார். ஸ்மித்தும் மில்லும் இதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ!

ஆண் பெண் சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. காட்டுக்குள்ள அது வந்த மாதிரி தெரியல. 2005இல் கொண்டு வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி கிடைத்தது. அதுக்கப்புறம் "களை வெட்ட ஆளே கிடைக்கல, கூலி ஏறிப்போச்சு"ன்னு காட்டுக்காரங்க குறைபட்டதை நீங்களும் கேட்டிருப்பீங்க. போக இன்னொரு வேலை இருந்துச்சு, அதான்.

- 9ஆம் வகுப்பு மாணவி, வாலிகண்டபுரம்