வால்பாறைக்குக் குழந்தையோடு காரில் போகிறீர்களா?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 60 கிலோமீட்டர் சொச்சம். ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மலைப்பாதை; 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வண்டி 20, 30-க்கு மேல் போகாது. அதனாலேயே, "மெதுவாத்தானுங்க போறோம், அமுச்சி மடியில வெச்சுக்குவாங்க" என்று பாட்டியை நம்பிக் கைக்குழந்தையோடு கிளம்பிவிடுகிறோம். அதே கார் கோவையிலிருந்து ஆழியாறு வரை 80-ல் வந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மலையிலும் வளைவு திரும்பினால் எதிரே பஸ் நிற்கலாம், வரையாடு நிற்கலாம், யானையே நிற்கலாம். குழந்தைக்குத் தனிக் கார் சீட் வாங்க நினைப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு எப்படி மாட்டுவது என்று விழிப்பவர்களுக்கும் சில குறிப்புகள்.

1. முதலில் மடிக் கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். குழந்தை 10 கிலோ. கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலோ மோதி அரை மீட்டருக்குள் நிற்கிறது என்று வையுங்கள். அந்த நொடியில் குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 120 கிலோவைத் தாங்கும் பலம் கைக்கு வேண்டும். எந்த அமுச்சிக்கும் அது கிடையாது, அப்பாருக்கும் கிடையாது. பெரியவர் பெல்ட் போடாமல் இருந்தால் அவர் எடையும் சேர்ந்து குழந்தையை நசுக்கும். ஒரே பெல்ட்டுக்குள் இருவரையும் சேர்த்துக் கட்டுவதும் அதே ஆபத்துதான்.

2. கார் சீட்டை வயதைச் சொல்லிக் கேட்காதீர்கள். எடையையும் உயரத்தையும் சொல்லிக் கேளுங்கள். சீட்டின் முதுகில் அல்லது அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் பாருங்கள்: இந்தியத் தரமான ஏஐஎஸ் 072, அல்லது ஐரோப்பியத் தரமான ஆர்44, ஆர்129 இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். ஆர்44 வகையில் பிறந்த குழந்தை முதல் 13 கிலோ வரை ஒரு பிரிவு, 9 முதல் 18 கிலோ வரை அடுத்தது, அதற்குமேல் 36 கிலோ வரை பூஸ்டர், அதாவது காரின் பெல்ட் சரியாகப் படியக் குழந்தையை உயர்த்தும் சீட். ஆர்129 உயரத்தை வைத்துப் பிரிக்கும். தர லேபிளே இல்லாமல், பஞ்சு வைத்துத் தைத்த துணியில் நாலு வார் கோத்து 'கார் சீட்' என்று மலிவாக விற்பவை உண்டு. அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

3. கைக்குழந்தை பின்பக்கம் பார்த்தபடி, அதாவது காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார வேண்டும். குழந்தைக்குத் தலை பாரம், கழுத்து பிஞ்சு. மோதும்போது முன்னுக்குப் பாயும் உடம்பை முதுகு, தலை, கழுத்து எல்லாமாகச் சேர்த்துச் சீட் தாங்கிக்கொள்ளும். 1960-களில் ஸ்வீடன் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகைச் சாய்த்துக் கிடந்த இருக்கையைப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்தார். அந்த நாட்டில் நான்கு வயது வரைகூட இப்படியே உட்கார வைக்கிறார்கள். ஆர்129 தரத்தில் 15 மாதம் வரை இது கட்டாயம். அதற்குப் பிறகும் சீட்டின் எடை, உயர வரம்பு இடம் கொடுக்கும்வரை திருப்பாதீர்கள். "கால் மடங்குதே, பாவம்" என்பார்கள். குழந்தை சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்; அதற்கு ஒன்றும் கஷ்டமில்லை.

4. முன்சீட் வேண்டாம். பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைத்தால், வெடித்து விரியும் ஏர்பேக் நேராகச் சீட்டின் முதுகை, அதாவது குழந்தையின் தலைப் பக்கத்தைத்தான் அடிக்கும். பின்சீட்டே இல்லாத வண்டியில் வேறு வழியில்லை என்றால், அந்த ஏர்பேக்கை அணைக்கும் சாவித் துளை இருக்கிறதா என்று பார்த்து அணைத்த பிறகே வைக்கலாம்.

5. சீட்டைச் சமதளத்தில் நிறுத்திய காரில் மாட்டுங்கள். வால்பாறைக்காரர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். பின்பக்கம் பார்க்கும் சீட்டின் பக்கவாட்டில் சாய்வு காட்டும் கோடோ, நீர்க்குமிழியோ இருக்கும். தரை சமமாக இருந்தால்தான் அது உண்மை சொல்லும். எஸ்டேட் லைன் வீட்டு வாசலிலும் பங்களா ஏற்றத்திலும் வண்டி எப்போதும் ஒரு பக்கம் தூக்கியே நிற்கும். அங்கே கோட்டைச் சரிசெய்து மாட்டினால், பொள்ளாச்சி ரோட்டுக்கு இறங்கியதும் சீட் நிமிர்ந்துவிடலாம்; நிமிர்ந்தால் தூங்கும் குழந்தையின் தாடை நெஞ்சில் இடிக்கும், மூச்சுக்குழாய் மடங்கும். டவுனில் ஏதாவது சமமான மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டு வாருங்கள். பிறந்த குழந்தைக்குச் சுமார் 45 டிகிரி சாய்வு வேண்டும்.

6. பெல்ட்டில் மாட்டும் சீட் என்றால், பெல்ட் போகவேண்டிய வழியை நிறத்தால் குறித்திருப்பார்கள்: பின்பக்கம் பார்க்க நீலம், முன்பக்கம் பார்க்கச் சிவப்பு. பெல்ட்டைக் கோத்து பக்கிளைப் பூட்டியதும், தேயிலை மூட்டையைக் கட்டும்போது அழுத்துகிற மாதிரி முழங்காலைச் சீட்டில் ஊன்றி, உடம்பு பாரத்தைப் போட்டு, தளர்வை எல்லாம் தோள் பக்கமாக இழுத்து எடுங்கள். பிறகு பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. சீட்டின் மேல்பாகத்தை ஆட்டிவிட்டு "ஆடுதே" என்று பயப்பட வேண்டாம். பின்பக்கம் பார்க்கும் சீட்டில் மேலே கொஞ்சம் ஆடத்தான் செய்யும். காரின் ஹெட்ரெஸ்ட் முட்டினால் கழற்றி டிக்கியில் வையுங்கள்.

7. உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமலே சீட்டைப் பூட்டும் வளையங்கள் இருந்தால் பாதி வேலை மிச்சம். பின்சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரும்பு வளையங்கள் தட்டுப்படும். பொதுவாக இரண்டு ஓர இருக்கைகளில்தான் இருக்கும். குழந்தைச் சீட்டின் கொக்கிகள் அவற்றில் இரு பக்கமும் 'டக்' என்று விழுந்து, சிவப்புக் குறி பச்சையாக மாற வேண்டும். மூன்றாவது பிடியை மறந்துவிடாதீர்கள். சில சீட்டுகளுக்கு அது மேல்வார். அதைப் பின்சீட் முதுகிலோ டிக்கியிலோ அதற்கென்றே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும், பை மாட்டும் கொக்கியில் இல்லை. சிலவற்றுக்கு அது தரையில் ஊன்றும் கால். காலுக்குக் கீழே மூடிபோட்ட பெட்டி இருந்தால், கார்க் கையேட்டைப் பார்க்காமல் ஊன்றாதீர்கள்.

8. வாடகைக் கார் பிடிப்பவர்களுக்கு: இருக்கை எத்தனை, வாடகை எவ்வளவு என்று கேட்கும்போதே "பின்னாடி பெல்ட் வேலை செய்யுதுங்களா?" என்றும் கேளுங்கள். "இருக்குதுங்க்கா, கவருக்கு அடியில" என்று பதில் வரும். நிஜமாகவே கவருக்கு அடியில்தான் இருக்கும். புது வண்டி வந்ததும் சீட் கவர் போட்டு, பக்கிளை உள்ளே தள்ளி மூடிவிடுகிறார்கள். கையை முழங்கை வரை விட்டுத் துழாவினால் பிஸ்கட் தூளோடு ஒரு பக்கிள் வெளியே வரும். அது எந்தப் பெல்ட்டுக்கு ஜோடி என்று பூட்டிப் பார்க்க வேண்டும். கிளம்பும் காலையில் இந்தத் தேடல் வேண்டாம், முந்தின நாளே எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள். நடுச் சீட்டில் இடுப்புப் பெல்ட் மட்டும் உள்ள வண்டிகளில் பெரும்பாலான குழந்தைச் சீட்டுகளை நடுவில் மாட்ட முடியாது. பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பெஞ்சு வைத்த ஜீப்பில் எந்தக் குழந்தைச் சீட்டும் நிற்காது.

9. வாரை இறுக்கிய பிறகு, குழந்தையின் தோளெலும்புக்கு மேலே உள்ள வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். விரலில் மடிப்பு சிக்கினால் தளர்வு, இன்னும் இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. வார் எங்கும் முறுக்கியிருக்கக் கூடாது. பின்பக்கம் பார்க்கும்போது வார் தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழிருந்து வர வேண்டும். முன்பக்கம் பார்க்கும்போது தோளுக்குச் சமமாக அல்லது சற்று மேலிருந்து.

10. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கட்டுங்கள். ஊட்டி, வால்பாறை என்றாலே குழந்தைக்குப் பஞ்சு வைத்த ஜாக்கெட், அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், குல்லா என்று மூட்டையாக்கிவிடுவோம். அதோடு வாரை இறுக்கினால் இறுகின மாதிரிதான் இருக்கும். நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: ஜாக்கெட்டோடு வாரை இறுக்குங்கள், நீளத்தை மாற்றாமல் பக்கிளை அவிழுங்கள், ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டுங்கள். நெஞ்சுக்கும் வாருக்கும் நடுவே உங்கள் கையே போகும். மோதும்போது பஞ்சு அமுங்கி மிஞ்சும் இடைவெளி அது. அதனால் மெல்லிய முழுக்கைச் சட்டையோடு கட்டிவிட்டு, அட்டகட்டியில் குளிர ஆரம்பித்ததும் வாருக்கு மேலே சால்வையைப் போர்த்துங்கள். முகத்தை மூட வேண்டாம். திரும்பி வரும்போது கீழே வெயில். நிறுத்தி வைத்த காரில் பக்கிளின் இரும்பு சுடும், தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். ஐந்து நிமிடம்தானே என்று குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுப் போகவே கூடாது.

11. வாந்தி. இதுதான் மலையேறும் தாய்மார்களின் பெரிய கவலை. குழந்தையை வாரிலிருந்து அவிழ்ப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயண வாந்தி குறைவு; பள்ளி போகும் வயதில்தான் அதிகம். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு ஓர் இட்லி போதும், வயிறு முட்டப் பால் வேண்டாம். செல்போனில் வீடியோ காட்டினால் நாலாவது வளைவிலேயே எடுத்துவிடும். வெளியே தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மடியில் ஒரு பழைய துண்டை வாருக்கு மேலே விரித்து வையுங்கள். ஓடும் வண்டியில் கடலை மிட்டாய், பாப்கார்ன், குச்சி மிட்டாய் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். மாத்திரை, மருந்து டாக்டரைக் கேட்டுத்தான்.

12. கைக்குழந்தை சீட்டிலேயே தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். ஆழியாறில் இறக்கிப் பால் கொடுத்துவிட்டு ஏறுங்கள். மேலே ஒன்பதாவது வளைவின் காட்சிமுனை, ரொட்டிக்கடை என்று நிறுத்த இடம் உண்டு. ஓடும் வண்டியில் பால் கொடுக்க எடுப்பதென்றால் மறுபடி மடிக் கதைதான். மழைக்காலத்தில் புல்லில் இறக்கியிருந்தால், திரும்பக் கட்டுமுன் கால் விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கட்டிய பிறகு அது தொடைக்கு ஏறினால் குழந்தை ஏன் அழுகிறது என்றே தெரியாது.

13. பொள்ளாச்சியில் வாங்கிய இளநீர், தேங்காய் மூட்டை எல்லாம் டிக்கிக்கு. குழந்தைக்குப் பக்கத்துச் சீட்டிலோ பின்கண்ணாடிப் பலகையிலோ வைத்தால் சடாரென்று பிரேக் போடும்போது அவை பறக்கும். தண்ணீர் பாட்டில் உருண்டு டிரைவரின் பிரேக் பெடலுக்கு அடியில் போன கதைகளை மலைப்பாதை டிரைவர்கள் நிறையச் சொல்வார்கள்.

14. குரங்கு அருவிப் பக்கம் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கையில் தின்பண்டத்தோடு ஜன்னலோரம் இருக்கும் குழந்தைதான் குரங்குக்கு முதல் இலக்கு. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாக ரோட்டைக் கடக்கும். காட்டுகிறேன் பேர்வழி என்று வாரை அவிழ்க்க வேண்டாம், வண்டி ஊர்ந்தாலும்கூட. சன்ரூஃபில் தலை நீட்டி நிற்க வைப்பவர்களைப் பற்றி என்ன எழுத!

15. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைச் சீட்டோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1000 ரூபாய் அபராதம். இரண்டு சக்கரத்துக்கும் விதி உண்டு: 2022-இல் அறிவித்து 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்பு வார் வேண்டும், ஒன்பது மாதம் ஆனதிலிருந்து ஹெல்மெட் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. பஸ்ஸில்தான் எதுவும் இல்லை. எஸ்டேட் ஜனங்களில் பலர் பஸ்ஸில்தான் போகிறார்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும். படிக்கட்டுக்கு நேரான சீட்டையாவது குழந்தையோடு தவிர்க்கலாம்.

16. வார் உள்ள சீட் சிறிதாகிப் போனதும் நேராகப் பெரியவர் பெல்ட்டுக்குத் தாவிவிடாதீர்கள். நடுவில் பூஸ்டர் இருக்கிறது. பூஸ்டர் இல்லாமல் காரின் சீட்டில் முதுகு முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்தால் முழங்கால் சீட் விளிம்பில் மடங்க வேண்டும். தோள்பட்டி கழுத்தில் உரசாமல் தோளின் நடுவே போக வேண்டும். இடுப்புப்பட்டி வயிற்றில் ஏறாமல் தொடையோரம் படிய வேண்டும். இந்த மூன்றும் பொருந்தும்வரை, பெரும்பாலும் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை, பூஸ்டர்தான். "நான் பெரிய பையன்" என்று அடம் பிடிப்பார்கள், சமாளியுங்கள்.

17. ஜூன், ஜூலை மழையில் வால்பாறையில் நிறுத்தி வைத்த காருக்குள்ளேயே பூசணம் பிடிக்கும். சீட்டின் துணியைக் கழற்றித் துவைக்கலாம். வாரை மட்டும் ஊற வைக்கவோ, பிளீச்சிங் பவுடர் போடவோ, இஸ்திரி போடவோ கூடாது; நூலின் பலம் போய்விடும். ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பு தொட்டுத் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். எலி கடித்த வாரைத் தைத்துப் போடக் கூடாது.

18. யாரோ கொடுத்த பழைய சீட்டை வாங்கினால் அது ஏற்கெனவே விபத்தில் மாட்டியதா என்று தெரிந்திருக்க வேண்டும். மாட்டியிருந்தால் வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். அடியில் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டு. காலம் முடிந்த சீட்டைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன் வார்களைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே துடைத்துப் பளபளப்பாக்கி வேறு ஒருவருக்கு விற்றுவிடுவார்கள்.