பூட்டிக் கிடந்த வீடும் ஏழு மாதக் கணக்கும்

போன கிழமை பழைய சோனகத் தெருவில் உள்ள எனது கடைக்கு ஒரு நண்பர் வந்தார். கொஹுவலையில் மகளுக்கென்று வாங்கிய தொடர்மாடி வீடு ஒன்று அவருக்கு இருக்கிறது. மகளும் மருமகனும் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். வீடு ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. "ஆட்கள் வாறாங்க, பாக்குறாங்க, போறாங்க. ஒருத்தரும் திரும்பி வாறல்ல. யாரும் கண் வெச்சிட்டாங்களோ தெரியா" என்றார். நான் சிரிக்கவில்லை. 2023இல் நானும் ஏறத்தாழ இதே பேச்சைத்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். வாசகர்களில் பலருக்கு வாப்பாவின் வீடோ, மாமனாரின் வீடோ, பிள்ளைக்கு வாங்கிப்போட்ட வீடோ இருக்கத்தான் செய்யும்.

தெஹிவளையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் எங்கள் வாப்பா வாங்கிய மூன்றாம் மாடி வீடு ஒன்று இருக்கிறது. இரண்டு அறை, ஒரு ஹோல், லிப்ட் இல்லை. வாப்பா மௌத்தான பின் உம்மா, நான், தம்பி, தங்கச்சி ஆகிய நால்வருக்கும் அதில் பங்கு. தங்கச்சியின் கணவர் 2019இல் மௌத்தானார். அன்றிலிருந்து வாடகை முழுவதையும் தங்கச்சியே எடுத்துக்கொள்ளட்டும் என்று மற்ற மூவரும் விட்டுக்கொடுத்தோம். மாதம் 45,000 ரூபா. அதில்தான் அவளது வீட்டுச் செலவும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் ஓடிக்கொண்டிருந்தன. 2023 ஜனவரி கடைசியில் வாடகைக்கு இருந்தவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். பெப்ரவரி முதலாம் திகதி சாவி எங்கள் கைக்கு வந்தது.

அன்றிரவு உம்மாவின் வீட்டில் கூடி விலை பேசினோம். தம்பி கட்டாரில் இருந்து தொலைபேசியில் சேர்ந்துகொண்டான். 2021இல் அந்த வீட்டுக்கு டைல்ஸ் போடவும் குசினி அலுமாரி செய்யவும் அவன் ஆறு இலட்சம் அனுப்பியிருந்தான். அந்தக் காசு வாடகையில் தெரிய வேண்டும் என்பது அவன் கருத்து. யாரோ ஒருவரின் வீடு 90,000க்குப் போனதாக உம்மா கேள்விப்பட்டிருந்தார். நான் என் பங்குக்கு யாவாரக் கணக்கைச் சொன்னேன். 2022 மார்ச்சில் ரூபாவை விட்டதும் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360க்குப் போனது நமக்கெல்லாம் நினைவிருக்கும். கையில் இருக்கும் சாமானைப் பழைய விலைக்கு விற்றவர்கள் அடுத்த முறை அதே சாமானைப் பாதியளவுகூட வாங்க முடியாமல் நின்றார்கள். எல்லாம் இரண்டு மடங்கானபோது வாடகை மட்டும் ஏன் ஆகக்கூடாது என்று கேட்டேன். 85,000 என்று முடிவானது. ஒரு வருட முற்பணம் என்றும் முடிவானது.

முப்பது வருடமாக இரும்புச் சாமான் விற்கும் நான் செய்த பெரிய பிழை அந்தக் கணக்குத்தான். குழாயும் ஆணியும் கப்பலில் வருகின்றன. அவற்றின் விலை டொலரோடு ஏறும். கட்டி முடித்த வீடு கப்பலில் வருவதில்லை. வாடகையைக் கொடுப்பவர் சம்பளத்தில் இருந்து கொடுக்கிறார். 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஆனால் யாருடைய சம்பளம் 70 வீதம் கூடியது? அரிசிக்கும் பஸ்ஸுக்கும் கரண்ட் பில்லுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதில்தான் வாடகை. ஆகவே சாமான் விலை ஏறிய அந்தக் காலத்தில் வாடகைக்கு வருபவரின் கை முன்னரைவிட இறுகியிருந்தது. எனது கடையிலே கடன் கேட்பவர்களின் தொகை கூடியதைக் கண்ணால் கண்டும் இது எனக்கு விளங்கவில்லை.

இதை எனக்கு ஒருவர் சொல்லியும் தந்தார். பெப்ரவரி இரண்டாம் கிழமை மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு தமிழ்த் தம்பதியர் வீட்டைப் பார்க்க வந்தார்கள். அவர் வங்கியில் வேலை, மனைவி ஆசிரியை. வீடு பிடித்துவிட்டது. "60,000 தரலாம், மூன்று மாத முற்பணம் தரலாம்" என்றார். "சேர், ஜனவரியில இருந்து சம்பளத்துல வரியும் வெட்டுறாங்க. போன வருஷம் கரண்ட் பில்லையும் கூட்டிட்டாங்க" என்று காரணமும் சொன்னார். நான் அதைப் பேரம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கிழமை முடிவதற்குள் மின்கட்டணம் சராசரியாக இன்னும் 66 வீதம் ஏறியது வேறு விடயம்.

அவரை அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. "நம்மட ஆக்களா இருந்தா நல்லம்" என்று உம்மா சொல்லியிருந்தார். நானும் தலையாட்டினேன். 2019 ஏப்ரலுக்குப் பின் எனது மருமகன் வேலை மாறிக் கண்டிப் பக்கம் வீடு தேடியபோது, பேரைக் கேட்டதும் மூன்று வீட்டுக்காரர்கள் "வீடு போய்விட்டது" என்றார்கள். அன்று எனக்கு எவ்வளவு கோபம் வந்தது! நான்கு வருடம் கழித்து அந்த வங்கிக்காரரிடம் நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன்: "வேறொருத்தருக்குப் பேசியாச்சு." அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஒழுங்கையிலேயே வீடு எடுத்துக் குடியிருந்தார்கள். பிறகு பல முறை வீதியில் அவர்களைக் கண்டேன்.

அதற்குப் பின் நடந்தவை ஒவ்வொன்றும் எங்கள் கையால் நாங்களே செய்துகொண்டவை. மூன்று தரகர்களிடம் வீட்டைக் கொடுத்தோம். ஒருவர் 85 என்றார், மற்றவர் தன் பங்கைச் சேர்த்து 90 என்றார், மூன்றாமவர் 75க்குப் பேசித்தரலாம் என்றார். ஒரே வீட்டுக்கு மூன்று விலை கேட்ட ஆள் வீட்டில் ஏதோ குறை இருக்கிறது என்றுதானே நினைப்பான்? மரக்கறிக் கடையில்கூட நாம் அப்படி வாங்கமாட்டோம். வீடு காட்ட எனக்கு மஃரிபுக்குப் பிறகுதான் நேரம். ஹோலில் ஒரு பல்ப், குசினியில் அதுவும் இல்லை. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் தம்பியின் ஆறு இலட்ச ரூபா அலுமாரியைக் காட்டினேன்.

வாசம் வேறு. வருபவர்கள் குளியலறைப் பக்கம் போனதும் மூக்கைப் பொத்தினார்கள். இதற்கான காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சாமானை விற்பவன் நான். தரையில் தண்ணீர் போகும் துளைக்கு அடியில் வளைந்த குழாய் ஒன்றில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கீழே இருந்து வரும் நாற்றத்தை அந்தத் தண்ணீர்தான் தடுக்கிறது. பூட்டிய வீட்டில் சில கிழமைகளில் அது வற்றிவிடும். கிழமைக்கு ஒரு முறை ஒவ்வொரு துளையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். கடல் பக்கத்து வீடென்றால் ஜன்னல்களையும் திறந்து மூட வேண்டும். கொளுக்கியும் பிணைச்சலும் உப்புக்காற்றில் இறுகிப்போகும். எங்கள் ஜன்னல் ஒன்று ஒரு தாய்க்கு முன்னால் கழன்று என் கையில் வந்தது. அவர் அத்தோடு இறங்கிவிட்டார்.

முற்பண விடயத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு வருட முற்பணம் என்றால் 10 இலட்சத்து 20 ஆயிரம். அவ்வளவு காசைக் கையில் வைத்திருப்பவர் லிப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு ஏன் வருகிறார்? நாங்கள் ஏன் அவ்வளவு கேட்டோம் என்றால், முன்னைய வாடகைக்காரர் தந்த ஆறு மாத முற்பணம் 2 இலட்சத்து 70 ஆயிரத்தையும் குடும்பச் செலவுகளில் கரைத்துவிட்டிருந்தோம். அவர் போகும்போது அதை எனது கடைக் காசில் எடுத்துக் கொடுத்தேன். அந்த ஓட்டையைப் புதியவரின் காசால் அடைக்கப் பார்த்தோம். முற்பணம் வாடகைக்காரரின் காசு. நம்மிடம் இருக்கும் அமானிதம். இதைத் தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனால் கொழும்பில் எத்தனை வீட்டுக்காரர்கள் அதைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மார்ச், ஏப்ரல், மே என்று மாதங்கள் போயின. தங்கச்சிக்கு முதல் இரண்டு மாதமும் என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். கட்டட வேலைகள் நின்று போய் எங்கள் தெருவே ஈயோட்டிய காலம் அது. ஏப்ரலில் அவளாகவே "இருக்கு நானா, நான் சமாளிக்கிறேன்" என்றாள். நானும் நிம்மதியாக விட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனபோது தேநீர் வைத்த கையைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு வாப்பா போட்ட இரண்டு வளையலும் இல்லை. கேட்டதற்கு, "கழட்டி வெச்சிருக்கேன்" என்றாள். உயர்தரம் படிக்கும் மகள் உள்ளே இருந்து, "மாமா, அது செட்டியார் தெருவுல வித்தாச்சு. டியூஷனுக்கும் கரண்ட் பில்லுக்கும்" என்றாள். தங்கச்சி மகளை அதட்டினாள். ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க யாவாரிதானே நானா. உங்களுக்கு வெல தெரியும் எண்டு நெனச்சேன்" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அன்றிரவு கடையின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் முதல் முறையாக எழுதிப் பார்த்தேன். அந்த வங்கிக்காரருக்கு 60,000க்குக் கொடுத்திருந்தால் இரண்டு வருடத்துக்கு, அதாவது 24 மாதத்துக்கு, 14 இலட்சத்து 40 ஆயிரம். பெப்ரவரி முதல் ஓகஸ்ட் வரை ஏழு மாதம் போய்விட்டது. செப்டம்பரில் 85,000 தரும் ஒருவர் வானத்தில் இருந்து இறங்கி வந்தாலும் மிச்சம் 17 மாதம். 14 இலட்சத்து 45 ஆயிரம். ஏழு மாதப் பிடிவாதத்துக்குக் கிடைக்கும் இலாபம் 5,000 ரூபா. அதிலும், வாடகைக்காரர் கட்டிவந்த மாதம் 6,000 ரூபா பராமரிப்புக் காசை இந்த ஏழு மாதமும் நான் கட்டியிருந்தேன். 42,000. ஆக, நாங்கள் கேட்ட விலையே கிடைத்தாலும் நட்டம்.

இன்னொரு விதமாகவும் பார்த்தேன். 60,000 ரூபா வீட்டுக்கு மாதம் 5,000 குறைத்தால் வருடத்தில் 60,000 குறையும். வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலும் அதே 60,000 போய்விடும். கடையில் ஆறு மாதம் ஓடாத சாமானை வாங்கிய விலைக்கும் கீழே தள்ளிவிடும் நான், ஒவ்வொரு மாத முடிவிலும் அழுகிப்போகும் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல விலைக்குக் காத்திருந்தேன். போன மாதத்து வாடகையை இந்த மாதம் யாருக்கும் விற்க முடியாது.

தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். "அப்ப ஏன்ட ஆறு இலட்சம்?" என்று கேட்டான். எனது கடையில் துருப்பிடித்துக் கிடக்கும் குழாய்க் கட்டைப் பற்றிச் சொன்னேன். நான் அதை என்ன விலைக்கு வாங்கினேன் என்று வாடிக்கையாளர் கேட்பதில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தங்கச்சிட்ட கேளுங்க, அவ சொல்ற வெலைக்குக் குடுங்க" என்றான். ஏழு மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. வாடகை போவது அவளுக்கு. விலை பேசியது அவளைத் தவிர மற்ற எல்லோரும். கூட்டுச் சொத்தில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்காவிட்டால், ஆகக் கூடிய விலை கேட்பவரின் பேச்சுத்தான் எப்போதும் நிற்கும். அவருக்கு நட்டமும் இராது.

தங்கச்சி அந்த ஒழுங்கையில் நான்கு வீட்டில் நேரே போய் விசாரித்தாள். கேட்ட வாடகையை அல்ல, கொடுக்கும் வாடகையை. 55க்கும் 62க்கும் இடையில் இருந்தது. 57,500 என்று வைத்தாள், மூன்று மாத முற்பணம், ஒரே ஒரு தரகர். நான் சுவருக்கு வெள்ளை அடித்து, பல்ப் போட்டு, குழாய்களுக்கு வோஷர் மாற்றி, கொளுக்கிகளைத் துருப்பிடிக்காத உருக்கில் பூட்டிக் கொடுத்தேன். எல்லாமாக 38,000 முடிந்தது. வீட்டைப் பகலில் காட்டினோம். பதினொரு நாளில் ஆறு குடும்பம் வந்தது. களுபோவில வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்யும் காலியைச் சேர்ந்த சிங்களப் பெண் ஒருவருக்கும் அவரது கணவருக்கும் செப்டம்பர் முதலாம் திகதி சாவி கொடுத்தோம். உம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். இப்போது உம்மாவின் இரத்த அழுத்தத்தைப் பார்க்க அந்தப் பிள்ளைதான் வருகிறார்.

உடன்படிக்கையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதினோம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை அப்படித்தான் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இருந்து வரும் விதி. இருந்தும் நம்மவர்கள் வெறும் கடதாசியில் கையெழுத்து வாங்கி அலுமாரியில் வைக்கிறார்கள். வாடகைக்காரர் எழும்பமாட்டார் என்ற பயத்தில் வீட்டைப் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தந்த பயம் அது. (அதே சட்டத்தின் நிழலில் பழைய வாடகைக்குக் கடை நடத்திவரும் நாமே இதைச் சொல்வதுதான் வேடிக்கை.) குத்தகைக் காலம் முடிந்த இடத்தை விரைவாக மீட்பதற்கென 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. அதன் பயனைப் பெற எழுத்து ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

முற்பணம் 1 இலட்சத்து 72 ஆயிரத்து 500 தங்கச்சியின் பெயரில் தனிக் கணக்கில் இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. 2025 செப்டம்பரில் உடன்படிக்கையைப் புதுப்பித்தபோது வாடகையை 63,000 ஆக்கினாள். எனக்குப் பிறகுதான் சொன்னாள். வளையல் திரும்பி வரவில்லை; தங்கத்தின் இன்றைய விலையில் அதை நான் வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

இதையெல்லாம் கேட்ட கொஹுவலை நண்பரிடம், "நீங்கள் எவ்வளவு கேட்கிறீர்கள்?" என்றேன். "ஒண்டு இருபது." "யார் சொன்ன விலை?" கொஞ்சம் யோசித்தார். "மகள்தான் அங்க இருந்து சொன்னா. அந்த லேன்ல என்ன போகுது எண்டு நான் கேக்கல்ல" என்றார். ஆறு வோஷரும் இரண்டு கொளுக்கியும் வாங்கினார். குளியலறைத் துளையில் தண்ணீர் ஊற்றும் விடயத்தை இரண்டாம் முறையும் கேட்டுக்கொண்டு, அன்றே கொஹுவலைக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.